சொனோரன் பாலைவன நடைவழிகளில் ஊர்வனவும் நீர்நில வாழ்வனவும்

சொனோரன் பாலைவனம் என்பது வட அமெரிக்காவில், ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா, கலிபோர்னியா மாநிலங்களிலும், மெக்சிக்கோவின் சொனோரா மாநிலத்திலும், பாகா கலிபோர்னியா தீவக்குறையிலும் பரந்துள்ள ஒரு வெப்பப் பாலைவனம் ஆகும். இதன் பரப்பளவு ஏறத்தாழ 260,000 சதுர கிலோமீட்டர். இது தமிழ்நாட்டின் பரப்பளவைப் போல இரு மடங்காகும். பாலைவனம் என்றவுடன் மணல்மேடுகளை எண்ணுவோருக்கு இந்நிலம் வியப்பளிக்கக் கூடியது. சகுவாரோ எனப்படும் நெடிய கள்ளி மரங்கள், முட்புதர்கள், கருங்கல் மலைகள், மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் வறண்ட ஓடைகள் ஆகியன இதன் பெரும்பகுதியில் காணப்படுகின்றன.

பல்லிகள், பாம்புகள், ஆமைகள், தேரைகள் ஆகியவற்றின் வகைமை மிகுந்திருப்பதால், இங்குள்ள நடைவழிகளில் இவ்வுயிரினங்களைத் தேடிக் காண்பது நெடுங்காலமாக ஒரு பொழுதுபோக்காக உள்ளது. இது ஆங்கிலத்தில் ஹெர்ப்பிங் என்று அழைக்கப்படுகின்றது. ஊர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து இப்பெயர் வந்தது. பறவை நோக்கலைப் போன்றதே எனினும் இரண்டிற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பறவை தானாகவே கண்ணில் படும். ஊர்வனவற்றைக் காண, நிலத்தின் வெப்பம், மழை, நேரம் ஆகியவற்றை அறிந்து செல்ல வேண்டும்.

மழையும் வெப்பமும்

இப்பாலைவனத்தின் சிறப்பியல்பு ஆண்டில் இரு மழைப் பருவங்கள் உண்டு என்பதாகும். திசம்பர் முதல் மார்ச்சு வரை பசிபிக் பெருங்கடலில் இருந்து வரும் மெல்லிய மழை பெய்கின்றது. சூலை முதல் செப்டெம்பர் வரை இடியுடன் கூடிய பருவமழை பெய்கின்றது. டூசான் நகரில் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 270 மி.மீ. ஆகும், அதில் பாதியளவு கோடைப் பருவமழையால் கிடைப்பது. மேற்கே உள்ள யூமாவில் ஆண்டு முழுவதும் பெய்வது 100 மி.மீ.க்கும் குறைவு. முற்காலத்தில் பனிநிலை வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாட்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் பருவமழை தொடங்கியதாக அறிவிப்பர். 2008 ஆம் ஆண்டிலிருந்து சூன் 15 முதல் செப்டெம்பர் 30 வரையான காலமே பருவமழைக் காலம் என அமெரிக்க தேசிய வானிலைச் சேவை வரையறுத்துள்ளது. தேரைகள் இந்நாட்காட்டியைப் பின்பற்றுவதில்லை என்பதைக் கூறத் தேவையில்லை.

ஊர்வன தம் உடல் வெப்பத்தைத் தாமே உண்டாக்கிக் கொள்ள இயலாதவை. ஆகவே வெயிலிலும் நிழலிலும் மாறி மாறி இருந்து உடல் வெப்பத்தைச் சீராக வைத்துக் கொள்கின்றன. மார்ச்சு முதல் மே வரை பகல் வேளையிலேயே பாம்புகளும் பல்லிகளும் வெளியே காணப்படும். சூன் மாதத்தில் பகல் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டும்போது பெரும்பாலானவை அதிகாலைக்கும் அந்திக்கும் இரவுக்கும் மாறிவிடுகின்றன. நவம்பர் முதல் பெப்ரவரி வரை பல இனங்கள் பாறை இடுக்குகளிலும் வளைகளிலும் செயலற்று ஒடுங்கியிருக்கும். எனவே பயணிகளுக்கு மிக இனிமையான குளிர்காலமே ஊர்வனவற்றைத் தேடுவதற்கு மிகவும் பயனற்ற காலமாகும்.

நடைவழிகள்

டூசான் நகரின் கிழக்கிலும் மேற்கிலும் இரு பகுதிகளாக அமைந்துள்ள சகுவாரோ தேசியப் பூங்கா இவற்றுள் பெயர் பெற்றது. 1933 இல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்ட இப்பகுதியுடன் 1961 இல் மேற்குப் பகுதி இணைக்கப்பட்டது; 1994 இல் இது தேசியப் பூங்காவானது. கட்டலீனா மலையடிவாரத்தில் உள்ள சபீனோ பள்ளத்தாக்கில் ஆண்டின் பல மாதங்கள் ஓடை நீர் இருப்பதால் நீர்நில வாழ்வனவற்றைக் காண ஏற்றது. மெக்சிக்கோ எல்லையை ஒட்டி 1937 இல் நிறுவப்பட்ட ஆர்கன் பைப் கள்ளி தேசிய நினைவிடமும், கலிபோர்னியாவின் அன்சா-பொரேகோ மாநிலப் பூங்காவும் பிற இடங்கள். பீனிக்சு நகர எல்லைக்குள்ளேயே உள்ள சவுத் மவுண்டன் பூங்காவிலும் சக்குவல்லா எனப்படும் பெரும் பல்லியை எளிதில் காணலாம். நடப்பதற்கு முன் விலங்குகளை அடையாளம் காணக் கற்றுக்கொள்ள விரும்புவோர் 1952 இல் திறக்கப்பட்ட அரிசோனா-சொனோரா பாலைவன அருங்காட்சியகத்திற்குச் செல்வது வழக்கம். பெயர் அருங்காட்சியகம் எனினும் இது பெரும்பாலும் திறந்தவெளி விலங்குக் காட்சிச்சாலையே.

பல்லிகள்

பகல் நடையில் முதலில் கண்ணில் படுவது வரிக்குதிரைவால் பல்லி. இது ஓடி நின்றதும் வாலைச் சுருட்டி அதன் அடிப்புறத்திலுள்ள கறுப்பு வெள்ளைப் பட்டைகளைக் காட்டி ஆட்டுகின்றது. தன்னைக் கண்டுகொண்டாயிற்று, துரத்திப் பயனில்லை என்று கொன்றுண்ணிக்கு அறிவிக்கும் செயலாக இதனை ஆய்வாளர் கருதுகின்றனர். பாலைவன உடும்போணான் எனத்தகும் டிப்சோசாரசு, பிற பல்லிகள் நிழல் தேடும் நண்பகலிலும் 40 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட உடல் வெப்பத்துடன் நடமாடும். சக்குவல்லா ஆபத்து வரும்போது பாறை வெடிப்பினுள் புகுந்து, நுரையீரலில் காற்றை நிரப்பி உடலை உப்பச் செய்து, வெளியே இழுக்க முடியாதவாறு இறுகிக் கொள்கின்றது.

கொம்புப் பல்லிகள் தட்டையான உடலும் தலையில் முட்களும் கொண்டவை. இவற்றின் முதன்மை உணவு அறுவடை எறும்புகள். அரசக் கொம்புப் பல்லி நாய், நரி போன்ற விலங்குகள் தாக்கும்போது கண்ணோரத்திலிருந்து குருதியைப் பீய்ச்சுகின்றது. எறும்புப் புற்றின் அருகே அசையாமல் இருக்கும் இதனை மிதித்து விடும் அளவுக்கு நெருங்கிய பின்னரே பலர் காண்கின்றனர். சாட்டைவால் பல்லிகளில் சில இனங்களில் ஆண்களே இல்லை. சொனோரன் புள்ளிச் சாட்டைவால் பல்லியில் பெண்கள் கருவுறாத முட்டைகளிலிருந்தே குஞ்சுகளைத் தோற்றுவிக்கின்றன.

இப்பாலைவனத்தின் புகழ் பெற்ற பல்லி ஹீலா மான்ஸ்டர். ஹீலா ஆற்றின் பெயரால் அழைக்கப்படும் இது 1869 இல் அறிவியலுக்கு விளக்கப்பட்டது. மணிமணியான கறுப்பு, இளஞ்சிவப்புச் செதில்கள் உடையது; 50 செ.மீ. நீளம் வரை வளரக் கூடியது. தமிழ்நாட்டில் அரணைக்கும் வீட்டுப் பல்லிக்கும் நஞ்சு உண்டு என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது, அது உண்மையன்று. ஹீலா மான்ஸ்டரோ உண்மையாகவே நச்சுப் பல்லியாகும். பாம்புகளைப் போல் மேல்தாடையில் அல்லாமல் இதன் கீழ்த்தாடையில் நச்சுச் சுரப்பிகள் உள்ளன. பள்ளம் விழுந்த பற்களின் வழியே நஞ்சு கடிவாயில் ஊறுகின்றது. கடித்தால் எளிதில் விடுவதில்லை. மனிதர் இறப்பது மிக அரிது எனினும், 2024 இல் கொலராடோ மாநிலத்தில் வீட்டில் வளர்க்கப்பட்ட பல்லி கடித்து ஒருவர் உயிரிழந்தார். தம் வாழ்நாளில் 95 விழுக்காட்டுக்கும் மேலான நேரத்தை இவை நிலத்தடியிலேயே கழிப்பதால், பல ஆண்டுகள் நடந்தும் ஒன்றைக்கூடக் காணாதவர் உண்டு. பறவை முட்டைகளும் முயல் குட்டிகளும் உணவாகும். உபரிக் கொழுப்பு வாலில் சேமிக்கப்படுகின்றது.

1990களின் தொடக்கத்தில் இப்பல்லியின் நஞ்சிலிருந்து எக்செண்டின்-4 என்னும் பொருள் பிரித்தறியப்பட்டது. இதன் செயற்கை வடிவம் இரண்டாம் வகை நீரிழிவு நோய்க்கான மருந்தாக 2005 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இன்று உடல் எடைக் குறைப்பிற்குப் பெருமளவில் பயன்படும் மருந்து வகைக்கு முன்னோடி இதுவே. அரிசோனா மாநிலம் 1952 ஆம் ஆண்டிலேயே இப்பல்லிக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. நஞ்சுள்ள ஒரு விலங்கிற்கு வட அமெரிக்காவில் இவ்வாறு பாதுகாப்பு அளிக்கப்பட்டது அதுவே முதன்முறை.

பாலைவன ஆமை

நெடுங்காலம் ஒரே இனமாகக் கருதப்பட்ட பாலைவன ஆமைகள் 2011 இல் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. கொலராடோ ஆற்றின் மேற்கிலும் வடக்கிலும் வாழ்வது மொகாவி ஆமை. கிழக்கிலும் தெற்கிலும் வாழ்வது சொனோரன் ஆமை. முன்னது சமவெளிகளில் வளை தோண்டுவது. பின்னது பெரும்பாலும் பாறைச் சரிவுகளில் வாழ்வது. கோடை மழைக்குப் பின் சரிவுகளில் புல் மேய்வதையும், பாறைக் குழிகளில் தேங்கிய நீரை அருந்துவதையும் காணலாம்.

ஆமையைக் கண்டவுடன் தூக்கிப் பார்க்கும் ஆவல் பலருக்கு உண்டு. இது ஆமைக்குப் பெருங்கேடு விளைவிக்கும். பாலைவன ஆமை தன் சிறுநீர்ப் பையை நீர்த்தொட்டியாகப் பயன்படுத்துகின்றது. வறட்சிக் காலத்தில் அதிலிருந்தே உடலுக்கு நீர் எடுத்துக் கொள்கின்றது. அச்சமுற்ற ஆமை அந்நீரை வெளியேற்றி விடும். அடுத்த மழை பல மாதங்களுக்குப் பின்னரே என்றால், அந்த இழப்பே அதன் உயிரைப் பறித்து விடலாம். சாலையில் வண்டி ஏறும் நிலையில் உள்ள ஆமையை மட்டும், தரையோடு ஒட்டி மெதுவாக எடுத்து, அது சென்று கொண்டிருந்த திசையிலேயே சாலையின் மறுபுறம் விடுவது முறையாகும்.

பாம்புகள்

அரிசோனாவில் 13 வகையான கிலுகிலுப்பை விரியன்கள் வாழ்வதாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை வகைகள் இல்லை. இவை குழிவிரியன் துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையே வெப்பத்தை உணரும் குழி ஒன்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மூங்கில் குழிவிரியனும் இதே துணைக்குடும்பத்தைச் சேர்ந்ததே. வால் நுனியிலுள்ள கிலுகிலுப்பை, நகத்தின் பொருளான கெரட்டினால் ஆன வளையங்களின் தொடராகும். ஒவ்வொரு முறை தோல் உரிக்கும்போதும் ஒரு வளையம் சேர்கின்றது. ஓராண்டில் பன்முறை தோல் உரிவதாலும், பழைய வளையங்கள் ஒடிந்து விழுவதாலும், வளையங்களை எண்ணி வயதைக் கூற முடியாது. தமிழ்நாட்டின் சுருட்டை விரியன் பக்கச் செதில்களை ஒன்றோடொன்று உரசி ஒலி எழுப்புவதும் இதே எச்சரிக்கை நோக்கத்திற்காகவே.

நடைவழிகளில் அடிக்கடி காணப்படுவது மேற்கு வைரமுதுகு கிலுகிலுப்பை விரியன். மணற்பாங்கான இடங்களில் பக்கவாட்டில் நகரும் சைடுவைண்டர் வாழ்கின்றது. காலையில் மணலில் சாய்ந்த இணைகோடுகளாகத் தெரியும் தடம் இதனுடையது. பாறைச் சரிவுகளில் வாழும் புலிவரி கிலுகிலுப்பை விரியன் சிறு தலையுடையது. அதன் நஞ்சின் அளவு குறைவு எனினும் வீரியம் மிக அதிகம். மொகாவி கிலுகிலுப்பை விரியனின் நஞ்சு பல இடங்களில் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் தன்மையுடையது. இவை எல்லாம் எப்போதும் ஒலி எழுப்பி எச்சரிக்கும் என எண்ணுவது தவறு. பல பாம்புகள் அசையாது, ஒலியின்றிக் கிடந்து, மனிதர் கடந்து செல்லும் வரை காத்திருக்கின்றன.

நஞ்சற்ற பாம்புகளுள் கோஃபர் பாம்பு குறிப்பிடத்தக்கது. அச்சுறுத்தினால் இது தலையைத் தட்டையாக்கி, உரக்கச் சீறி, வாலைக் காய்ந்த சருகுகளில் படபடவென அடித்துக் கிலுகிலுப்பை விரியனைப் போல் நடிக்கும். இந்நடிப்பு நரியிடம் உதவுகின்றது; மண்வெட்டி ஏந்திய மனிதனிடம் உயிரை இழக்கச் செய்கின்றது. இராசப் பாம்புகள் கிலுகிலுப்பை விரியன்களின் நஞ்சைத் தாங்கி, அவற்றையே விழுங்குகின்றன.

மழையும் தேரைகளும்

பாலைவனத்தில் தேரைகளைக் காண்பதற்குரிய நேரம் ஆண்டில் சில இரவுகளே. முதல் கோடை இடிமழை பெய்த இரவில், கிரியோசோட் புதர்களின் மணம் நிலமெங்கும் பரவியிருக்க, முன்தினம் வரை புழுதியாக இருந்த பள்ளங்களில் ஆட்டுக் குட்டி கத்துவது போன்ற ஒலி எழும். இது கவுச் மண்வெட்டிக்கால் தேரையின் ஆண்கள் எழுப்பும் ஒலியாகும். இத்தேரையின் பின்னங்கால்களில் மண்வெட்டி போன்ற கடினமான கறுத்த புடைப்பு உண்டு. அதைக் கொண்டு பின்புறமாக மண்ணைத் தோண்டிக் கீழிறங்கி, ஆண்டில் எட்டு முதல் பத்து மாதங்கள் வரை நிலத்தடியில் கிடக்கின்றது. அக்காலத்தில் உடலில் யூரியாவைத் தேக்கி வைத்துச் சுற்றியுள்ள மண்ணின் ஈரத்தை உள்ளிழுத்துக் கொள்கின்றது.

இதனை எழுப்புவது ஈரமன்று, மழையும் இடியும் நிலத்தில் உண்டாக்கும் தாழ்ந்த அதிர்வே எனக் கருதப்படுகின்றது. மேட்டுநில ஊர்திகளின் இரைச்சலும் வறண்ட காலத்தில் இத்தேரைகளைப் பொய்யாக எழுப்பக் கூடும் என 1983 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மழையின்றி வெளியே வந்த தேரைக்கு வெயிலில் மரணமே முடிவு. மெய்யான மழையில் வெளிவந்தவை உடனே இணைகின்றன. முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரிக்கின்றன. தலைப்பிரட்டைகள் நீர் வற்றும் முன் எட்டு முதல் பத்து நாட்களுக்குள் தேரைகளாகி விடுகின்றன. அதே மழையில் கிளம்பும் ஈசல்கள் பெரியவற்றிற்கு உணவாகின்றன. வயிறு நிறைய உண்ட கொழுப்பு ஓராண்டு வரை தாங்கும். பல பள்ளங்களில் தேரைகளை முந்திக்கொண்டு நீர் வற்றி, கரிய தலைப்பிரட்டைகள் சேற்றில் ஒட்டிக் காய்ந்து கிடப்பதும் உண்டு.

பள்ளத்தாக்குகளில் வாழும் மரத்தவளை மரத்தில் அன்றிப் பாறையிலேயே நாள் முழுதும் ஒட்டியிருக்கும். அதன் நிறம் பாறையின் நிறமே ஆதலால் ஓரடி தொலைவிலும் தெரியாது.

சொனோரன் பாலைவனத் தேரை 18 செ.மீ. வரை வளரக் கூடிய பெருந்தேரை. கண்ணுக்குப் பின்னும் கால்களிலும் உள்ள சுரப்பிகள் கடும் நஞ்சைச் சுரக்கின்றன. இதனைக் கவ்விய நாய்கள் இறந்துள்ளன. இந்நஞ்சில் 5-மெத்தாக்சி-டைமெத்தில்டிரிப்டமின் என்னும் மனமயக்கப் பொருள் உள்ளது. இதனை உலர்த்திப் புகைக்கும் வழக்கம் 1980களில் வெளியான ஒரு சிறு கையேட்டிற்குப் பின்னர் பரவியது. இப்பொருள் 2011 முதல் அமெரிக்காவில் தடை செய்யப்பட்டுள்ளது. 2022 நவம்பரில் அமெரிக்க தேசியப் பூங்காச் சேவை இத்தேரையை நக்க வேண்டாம் எனப் பொதுமக்களைக் கேட்டுக் கொண்டது நகைப்பிற்குரிய செய்தியாக உலகெங்கும் பரவியது. ஆயினும் இதில் தேரைகளின் பக்கம் நகைப்பிற்கு ஏதுமில்லை. நஞ்சுக்காகப் பிடிக்கப்படுவதால் இவற்றின் தொகை குறையும் என உயிரியலாளர் அஞ்சுகின்றனர். கலிபோர்னியாவில் இவ்வினம் ஏற்கனவே அற்றுப் போனதாகக் கருதப்படுகின்றது. அப்பொருளை ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்க முடியும் என்பதால், தேரையைப் பிடிப்பதற்கு மருத்துவ ஆய்வும் காரணமாகாது.

தேடும் முறையும் விதிகளும்

தேசியப் பூங்காக்களில் விலங்குகளைப் பிடிப்பதும் தொந்தரவு செய்வதும் சட்டப்படி குற்றமாகும். பிற பொது நிலங்களில் அரிசோனா மாநிலத்தின் வேட்டை உரிமம் இருந்தால் சில இனங்களைப் பிடிக்கலாம். ஹீலா மான்ஸ்டர், காட்டிலுள்ள பாலைவன ஆமை, மலைகளில் வாழும் சில சிறு கிலுகிலுப்பை விரியன்கள் ஆகியவற்றைப் பிடிக்க இயலாது.

கற்களைப் புரட்டித் தேடுவோர் அவற்றை எடுத்தபடியே மீண்டும் வைக்க வேண்டும். மலைச்சரிவுகளில் கருங்கல்லின் மேற்பட்டை ஏடுகளாகப் பிரிந்து நிற்கும். அந்த மெல்லிய இடைவெளிகள் பல்லிகளுக்கும் சிறு பாம்புகளுக்கும் வீடாகும். இரும்புக் கம்பியால் நெம்பி உடைத்த ஏடு மீண்டும் ஒட்டாது. ஒரு மாலை நேரத் தேடலில் அழிந்த இருப்பிடம் மீண்டும் உருவாக மனித வாழ்நாள் போதாது. கல்லைத் தன் பக்கமாகத் தூக்கி, திறந்த பக்கம் எதிரே இருக்குமாறு பிடிப்பது பாதுகாப்பானது, ஏனெனில் அடியில் தேளும் இருக்கலாம். அரிதான இனங்களைக் கண்ட இடத்தைப் படத்துடன் வெளிப்படையாக அறிவிப்பதும் திருட்டுக்கு வழிகாட்டுவதாக முடியும். இதனாலேயே 2008 இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் தளம் அழிவாய்ப்புள்ள இனங்களின் சரியான இருப்பிடத்தை மறைத்துக் காட்டுகின்றது.

நடப்போரின் பாதுகாப்பு

இங்கு நடப்போருக்குப் பாம்பை விடப் பெரும் எதிரி வெப்பமாகும். அமெரிக்கா முழுவதிலும் நச்சுப் பாம்புக் கடியால் ஆண்டுக்கு இறப்போர் ஏறத்தாழ ஐவர். பீனிக்சு நகரம் அமைந்துள்ள மாரிகோப்பா மாவட்டத்தில் மட்டும் 2023 ஆம் ஆண்டில் வெப்பத்துடன் தொடர்புடைய இறப்புகள் 645. அவ்வாண்டு பீனிக்சில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பநிலை 43 பாகை செல்சியசைத் தாண்டியது. கடும் வெப்ப எச்சரிக்கை நாட்களில் பகல் வேளையில் குன்றுகளின் நடைவழிகளை மூடும் திட்டத்தை அந்நகரம் 2021 இல் தொடங்கியது.

ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது நான்கு லிட்டர் நீர் தேவை என்பது பொதுவான அறிவுரை. நீரோடு உப்புள்ள உணவும் வேண்டும். வெறும் நீரையே மிகையாக அருந்தினால் குருதியில் சோடியம் குறைந்து மயக்கமும் வலிப்பும் ஏற்படலாம். கையிலுள்ள நீரில் பாதி தீரும் முன் திரும்பி விட வேண்டும். பருவமழைக் காலத்தில் தொலைவில் பெய்த மழையால் வறண்ட ஓடையில் திடீரென வெள்ளம் வரும். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருப்பது இதற்குப் பாதுகாப்பு ஆகாது. தடுப்பைக் கடந்து வெள்ளச் சாலையில் வண்டியோட்டிச் சிக்குபவரிடமிருந்து மீட்புச் செலவைப் பெற அரிசோனாவில் 1995 முதல் சட்டம் உள்ளது. மக்கள் அதனை அறிவிலி ஓட்டுநர் சட்டம் என்றே அழைக்கின்றனர்.

பாம்புக் கடியைத் தவிர்க்க, கண்ணால் பாராத இடத்தில் கையையோ காலையோ வைக்காதிருத்தல் முதன்மையானது. பாம்பைக் கண்டால் இரண்டு மீட்டருக்குக் குறையாத தொலைவில் நின்று, அது செல்ல வழிவிட வேண்டும். இறந்த பாம்பின் தலையும் சிறிது நேரம் வரை அனிச்சையாகக் கடிக்கக் கூடும். கடிபட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது, பனிக்கட்டி வைப்பது ஆகியன தீங்கு விளைவிக்கும். மோதிரம், கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு விரைவில் மருத்துவமனையை அடைவதே சிகிச்சையின் தொடக்கம். செம்மறியாட்டின் குருதியிலிருந்து பெறப்படும் நச்சுமுறி மருந்து 2000 இலும், குதிரையிலிருந்து பெறப்படும் மற்றொன்று 2015 இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

அச்சுறுத்தல்கள்

மனிதர் பிடிப்பதை விடவும் நிலம் மாறுவதே இவ்வுயிரினங்களுக்குப் பெரிய ஆபத்து. கால்நடைத் தீவனத்திற்காகக் கொண்டு வரப்பட்ட பஃபெல் புல் இப்போது மலைச்சரிவுகளில் பரவி வருகின்றது. இப்புல் தமிழருக்கு அறிமுகமானதே. கொங்கு நாட்டுக் கொறங்காடுகளில் காங்கேயம் மாடுகள் மேயும் கொழுக்கட்டைப் புல் இதுவாகும். அங்கு வறட்சியிலும் மாட்டைக் காக்கும் இப்புல், இங்கு தீயை வளர்க்கின்றது. கள்ளிகளுக்கு இடையே வெற்று நிலம் இருந்தவரை சொனோரன் பாலைவனத்தில் தீ பரவ வழியில்லை. சகுவாரோவும் ஆமையும் தீயைத் தாங்கப் பழகியவை அல்ல. 2020 இல் பீனிக்சின் வடகிழக்கே ஒரு வண்டியில் பற்றிய தீ, அயல் புற்களின் உதவியால் ஏறத்தாழ 78,000 எக்டேர் நிலத்தை எரித்தது. டூசான் பகுதியில் தன்னார்வலர் குழுக்கள் கடப்பாரை கொண்டு இப்புல்லை வேரோடு பிடுங்கி வருகின்றனர்.

ஆர்கன் பைப் நினைவிடத்தில் உள்ள கித்தோபாக்கித்தோ என்னும் ஊற்றுக் குளம், சொனோய்ட்டா சேற்று ஆமைக்கு ஐக்கிய அமெரிக்காவில் எஞ்சியுள்ள ஒரே இயற்கை வாழிடமாகும். தொகோனோ ஓதாம் மக்களுக்கும் இது தொன்றுதொட்டு முக்கியமான நீர்நிலை. இவ்வாமை 2017 இல் அருகிவரும் துணையினமாகப் பட்டியலிடப்பட்டது. 2020 இல் குளத்திற்கு மிக அருகே எல்லைச் சுவர் கட்டப்பட்டது. அதே காலத்தில் குளத்தின் நீர்மட்டமும் கவலைக்குரிய அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பின்னர் கசிவைத் தடுக்கக் குளத்தின் அடியும் கரையும் செப்பனிடப்பட்டன.